நிற்கும் ஆண்டுகளின் கணக்கு

பாம்பன் கடலின் மேல் முதல் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். நடுவில் கப்பல்களுக்கு வழிவிட இரண்டு பக்கமும் விரிந்து திறக்கும் ஷெர்சர் தூக்குப்பாலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இந்தப் பாலத்தின் 126 கர்டர்களைக் கடலுக்குள் தள்ளியது. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனின் குழு, கடலடியில் கிடந்த கர்டர்களைத் தூக்கியெடுத்து மீண்டும் பொருத்தி, 46 நாளில் ரயிலை ஓட வைத்தது. அத்தனை பெரிய புயலுக்குப் பிறகும் எழுந்து நின்ற பாலத்தை, கடைசியில் காற்றிலிருந்த உப்பு ஓயவைத்தது. தூக்குப்பாலப் பகுதியில் அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

108 ஆண்டு உழைப்பு. 1914இல் மாட்டிய இரும்பெல்லாம் கடைசிவரை அப்படியே இருந்தது என்று இதற்குப் பொருளில்லை. சுரண்டிச் சுரண்டிச் சாயம் பூசியவர்கள், துருவேறிய பாகங்களை மாற்றியவர்கள், 2007இல் அகலப் பாதையாக்கும்போது பாலத்தை வலுப்படுத்தியவர்கள் என்று நான்கு தலைமுறைத் தொழிலாளர்களின் கைவேலை அந்த எண்ணுக்குள் இருக்கிறது. பொருளின் ஆயுள் பொருளில் மட்டும் இல்லை என்பதற்குப் பாம்பனைவிட நல்ல சான்று தமிழ்நாட்டில் கிடைக்காது.

2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பகுதி செங்குத்தாக 17 மீட்டர் உயர்ந்து கப்பலுக்கு வழிவிடுகிறது. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், வெளியே பாலிசிலாக்சேன் பூச்சு, முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள். உப்புக் காற்றை முதல் எதிரியாக வைத்துத்தான் இந்தப் பொருள்களையெல்லாம் தேர்ந்திருக்கிறார்கள்.

ஒரு கட்டுமானப் பொருளைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். எத்தனை காலம் நிற்கும்? அதை உண்டாக்க மண்ணும் நீரும் காற்றும் கொடுத்த விலை என்ன? முதல் கேள்வியைப் பொறியாளர்கள் ஒரு அறையிலும், இரண்டாவதைச் சூழலியலாளர்கள் வேறொரு அறையிலும் பேசிக்கொண்டிருந்த காலம் நெடியது. உண்மையில் இவை இரண்டு கணக்குகள் அல்ல. ஒன்றை மற்றதால் வகுத்தால்தான் விடை வரும்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த நிலையத்தின் கடலோர ஆய்வுக்களம் பாம்பனுக்கு அருகில் மண்டபத்தில் இருக்கிறது. இத்தகைய களங்களில் நடக்கும் அடிப்படைச் சோதனை எளிமையானது. உள்ளங்கை அளவு எஃகுத் தகடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மில்லிகிராம் சுத்தமாக எடை போட்டு, கடலைப் பார்த்த சட்டங்களில் சாய்வாக மாட்டிவிடுவார்கள். மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தகட்டை இறக்கி, இரும்பைத் தொடாமல் துருவை மட்டும் கரைக்கும் அமிலக் கரைசலில் முக்கி எடுத்து, மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடையே கடல் தின்ற இரும்பு. அதைத் தகட்டின் பரப்பாலும் இரும்பின் அடர்த்தியாலும் மாட்டியிருந்த காலத்தாலும் வகுத்தால் ஆண்டுக்கு இத்தனை மைக்ரான் என்று ஓர் எண் வரும். சர்வதேசத் தரக் கணக்கில், முதல் ஆண்டில் 25 மைக்ரானுக்குள் தேய்ந்தால் அந்த இடம் இரும்புக்குச் சாதுவான இடம். 80 முதல் 200 மைக்ரான் வரை தேய்ந்தால் மிகக் கடுமை. அதற்கும் மேல் ஒரு வகுப்பு உண்டு. கொதிக்கும் வெயிலும் ஈரமும் உப்பும் சேர்ந்த கடற்கரைகள் அதில் வரும்.

மழையே பெய்யாத நாளிலும் பாம்பனில் இரும்பு ஏன் நனைந்திருக்கிறது? அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று தூக்கிவந்து இரும்பின் மேல் ஒட்டுகிறது. தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்குகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டியதும் ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். ஆகவே இரவு முழுக்க இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம். பகலில் அது சுண்டி அடர்ந்த கரைசல். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும் இடத்தில்தான் அரிப்பு வேகமெடுக்கும். கடலுக்குள் முழுக்க மூழ்கிய பகுதியைவிட, அலை தெறிக்கும் உயரத்தில் இருக்கும் பகுதி முதலில் கெடுவது இதனால்தான்.

கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பி அத்தனை எளிதில் துருப்பிடிக்காது. சிமென்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பு, உள்ளே 12.5க்கு மேற்பட்ட பிஹெச் அளவில் கடுங்காரத்தை வைத்திருக்கிறது. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து அதைக் காக்கும். இந்தக் காவலை உடைக்க இரண்டு பகைவர்கள் உண்டு. கடற்கரையில் குளோரைடு நுண்துளைகள் வழியே ஊர்ந்து வந்து படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். உள்நாட்டில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே புகுந்து சுண்ணாம்போடு சேர்ந்து காரத்தைக் குறைக்கும். பிஹெச் 9க்குக் கீழே போனால் படலம் நிலைக்காது. இரண்டில் எது நடந்தாலும் அதன் பின் கதை ஒன்றுதான். துரு, அது தின்ற இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். சுவரில் முளைத்த அரசஞ்செடியின் வேர் செங்கல்லைப் பிளப்பதுபோல், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சென்னையில் கடலோரப் பகுதிகளின் பழைய அடுக்ககங்களில் பால்கனிக்கு அடியில் அண்ணாந்து பார்த்தால், பூச்சு பெயர்ந்து பழுப்புக் கம்பி தெரிவது இந்தச் செயலின் கடைசிக் கட்டம்.

துருப்பிடிக்காத கம்பியின் பெருமையைச் சொல்லும் துறைமேடை ஒன்று மெக்சிகோவில் இருக்கிறது. யுகடான் கடற்கரையிலுள்ள ப்ரோக்ரேசோ நகரில் கடல் ஆழமற்றது. கப்பல் கரைக்கு வர முடியாது. அதனால் 1930களின் கடைசியில் தொடங்கி 1941 வாக்கில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் கான்கிரீட் துறைமேடை கட்டினார்கள். அதன் கம்பிகளில் 200 டன்னுக்கு மேல் துருப்பிடிக்காத எஃகு. பல பத்தாண்டுகளுக்குப் பின் ஆய்வு செய்தபோது, கான்கிரீட்டுக்குள் குளோரைடு எக்கச்சக்கமாக ஏறியிருந்தும் கம்பிகள் நலமாக இருந்தன. அதன் அருகிலேயே பிற்காலத்தில் சாதாரணக் கம்பி போட்டுக் கட்டிய இன்னொரு துறைமேடை சிதைந்து, கடலுக்குள் வெறும் கட்டைகளாக மிஞ்சியது. ஒரே கடல், ஒரே வெயில், இரண்டு கம்பிகள். இதைவிடத் தெளிவான ஒப்பீட்டை எந்த ஆய்வகத்திலும் அமைத்துவிட முடியாது.

அப்படியானால் எல்லாக் கடலோரக் கட்டுமானத்திலும் துருப்பிடிக்காத கம்பியையே போட்டுவிடலாமே? பல மடங்கு விலை முதல் தடை. இரண்டாவது தடை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருக்கிறது. இந்த எஃகுக்கு வேண்டிய குரோமியம் குரோமைட் தாதுவிலிருந்து வருகிறது. இந்தியாவின் குரோமைட் வளத்தில் பெரும்பகுதி ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்திலுள்ள சுகிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கங்களின் கழிவுநீரில் புற்றுநோய் தரவல்ல ஆறிணைதிறக் குரோமியம் கலந்து, தம்சாலா ஓடையைக் கெடுத்து, பிராமணி ஆற்றை நோக்கிப் போகிறது. பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் பதிவு செய்துவரும் கேடு இது. பாம்பனில் ஒரு தூண் நூறாண்டு நிற்பதற்கான விலையில் ஒரு பங்கை சுகிந்தாவின் கிராமங்கள் கட்டுகின்றன. அதற்காக அந்த எஃகே வேண்டாம் என்பது முடிவாகாது. அலை தெறிக்கும் பகுதி, வெளிவரிசைக் கம்பி என்று எங்கே வேறு வழியில்லையோ அங்கே மட்டும் அளந்து போடுவதும், சுரங்கத்து நீரைச் சுத்திகரிக்காமல் விடுவோரைச் சும்மா விடாமலிருப்பதும் நேர்மையான வழி.

மலிவான மாற்றாக வந்தது எபாக்சி பூசிய கம்பி. ஆய்வகத்தில் அது அருமையாகத் தேறியது. அமெரிக்காவின் புளோரிடா தீவுத்தொடரில் செவன் மைல் பாலம், லாங் கீ பாலம் ஆகியவற்றைக் கட்டியபோது நம்பிக்கையோடு அதைப் போட்டார்கள். பத்தாண்டு ஆகுமுன்பே, 1986இல், தூண்களில் கம்பி துருப்பிடித்திருப்பது தெரியவந்தது. பூச்சில் கீறல் விழுந்த சிறு இடங்களில் அரிப்பு குவிந்து, அங்கிருந்து பூச்சுக்கு அடியிலேயே பரவியிருந்தது. ஆய்வகத்துக்கு வந்த கம்பியை யாரும் லாரியிலிருந்து தள்ளவில்லை, இழுக்கவில்லை, வளைக்கவில்லை, மாதக்கணக்கில் வெயிலில் போட்டுவைக்கவில்லை. கட்டுமான இடத்தில் இத்தனையும் நடக்கும். வெயில் எபாக்சியை வெடிக்கவைத்து அதன் காப்பைக் குறைப்பதைச் சென்னை ஐஐடி ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். நீடித்துழைக்கும் தன்மை குறித்த ஆய்வில் மிகக் கடினமான பகுதி இதுதான்: பொருளை மட்டும் சோதித்தால் போதாது, அது கைமாறி வரும் பாதையையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

இனி சிமென்ட். தமிழ்நாட்டில் சிமென்ட் என்றதும் அரியலூர் நினைவுக்கு வரும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது; அக்கடலில் படிந்த சிப்பிகளும் நத்தைகளும் இன்றும் சுரங்கப் பள்ளங்களில் தட்டுப்படுகின்றன. அந்தச் சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு அரைத்து 1,450 டிகிரி வரை சூடாக்கினால் கிளிங்கர் கிடைக்கும். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய 850 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதில் 500 கிலோவுக்கு மேல் எரிபொருளால் வருவதன்று. கல்லுக்குள் பூட்டியிருந்த வாயுவே வெளியேறுகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பாதி குறையாது. உலகம் ஆண்டுக்கு 400 கோடி டன் அளவில் சிமென்ட் செய்கிறது. மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 விழுக்காடு இதிலிருந்து வருகிறது. சிமென்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு.

கிளிங்கரைக் குறைப்பது ஒன்றே உடனடி வழி. அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பாலைக் கசடு ஆகியவற்றைக் கலப்பது பழைய வழி. இந்தியக் கடைகளில் பிபிசி என்ற பெயரில் விற்கும் கலப்புச் சிமென்ட் மூட்டைகளில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் இருக்கலாம் என்று தரவிதி அனுமதிக்கிறது. எண்ணூரில் சாம்பல் குளங்களிலிருந்து கசிந்து கொசஸ்தலை ஆற்றையும் மீனவர்களின் பிழைப்பையும் மூடிய அதே சாம்பல், கான்கிரீட்டுக்குள் போனால் நுண்துளைகளை அடைத்து அதை நெருக்கமாக்குகிறது. குளத்தில் கொட்டாமல் மூட்டையில் கட்டியிருக்க வேண்டிய பொருள் அது.

புதிய வழி எல்.சி.3 எனப்படும் சிமென்ட். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தில் கரேன் ஸ்க்ரிவனர், கியூபாவில் பெர்னாண்டோ மார்த்திரேனா, டெல்லி, சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் ஆகியோர் சேர்ந்து வளர்த்தது. பாதிதான் கிளிங்கர். 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல் தூள், மீதி ஜிப்சம். பீங்கானுக்கு உதவாத தாழ்ந்த வகைக் களிமண்ணே இதற்குப் போதும். அதை 700 முதல் 850 டிகிரி வரை சுட்டால் சரி. களிமண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வராது, நீராவிதான் வரும். கார்பன் வெளியீடு 30 முதல் 40 விழுக்காடு குறைகிறது. இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2023இல் இதற்கு ஐஎஸ் 18189 என்ற தரவிதியை வெளியிட்டது.

சென்னை ஐஐடி ஆய்வகச் சோதனைகளில் இந்தச் சிமென்ட் இன்னொரு குணத்தையும் காட்டியது. சோதனை முறை இது: கான்கிரீட் உருளையிலிருந்து 50 மி.மீ. தடிமனில் வட்டத்துண்டு வெட்டி, ஒரு பக்கம் உப்புக் கரைசல், மறுபக்கம் காரக் கரைசல் வைத்து, 60 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து, ஆறு மணி நேரத்தில் எவ்வளவு மின்னூட்டம் கடந்தது என்று அளப்பார்கள். 4,000 கூலோமுக்கு மேல் போனால் ஓட்டைக் கான்கிரீட். 1,000க்குக் கீழே என்றால் மிகவும் நெருக்கமானது. ஒரே வலிமையுள்ள இரண்டு கலவைகளில், சாதாரண சிமென்ட் கான்கிரீட் ஆயிரங்களில் நிற்கும்போது எல்.சி.3 சில நூறுகளில் நின்றது. சுட்ட களிமண் நுண்துளைகளைச் சுருக்குவதும், அதிலுள்ள அலுமினா குளோரைடைப் பிடித்துக்கொள்வதும் காரணம். கார்பனும் குறைவு, உப்பும் ஏறாது. கடற்கரைக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் இங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. கிளிங்கர் குறைந்தால் சுண்ணாம்புக் கையிருப்பும் குறையும். காற்றிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடைத் தடுத்து நிறுத்தும் படை அந்தக் கையிருப்புதான். எனவே கலப்புச் சிமென்ட் கான்கிரீட்டில் காரம் சீக்கிரம் கரையும். கடலோரத்தில் வெற்றி பெற்ற கலவை, கோயம்புத்தூரிலோ சேலத்திலோ மழைபடாத ஒரு பால்கனியின் அடிப்பக்கத்தில் சற்றுத் தளரலாம். எந்தச் சிமென்ட் நல்லது என்ற கேள்விக்கு இடம் சொல்லாமல் பதில் சொல்பவரை நம்பக் கூடாது. கான்கிரீட் அப்படி இழுத்துக்கொள்ளும் கார்பன் டை ஆக்சைடு உலகளவில் சிறிய தொகையல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1930 முதல் 2013 வரை சிமென்ட் செய்யும்போது கல்லிலிருந்து வெளியேறியதில் 43 விழுக்காடு அளவைக் கட்டடங்களும் இடிபாடுகளும் திரும்ப உறிஞ்சிக்கொண்டன என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பூமிக்கு நன்மை செய்யும் அதே வேதிவினை கம்பிக்குக் கேடு செய்கிறது.

இப்போது வகுத்தல் கணக்குக்கு வரலாம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 400 கிலோ சாதாரண சிமென்ட் போட்டால், சிமென்டின் கணக்கில் மட்டும் ஏறத்தாழ 340 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அது கடற்கரையில் 25 ஆண்டில் பிளந்துவிட்டால் ஆண்டுக்கு 13.6 கிலோ. அதே வேலையை 35 விழுக்காடு கார்பன் குறைந்த சிமென்டில் செய்து, 75 ஆண்டு நிற்கவைத்தால் ஆண்டுக்கு மூன்று கிலோவுக்கும் கீழே. எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை, ஆனால் வேறுபாட்டின் அளவைக் கவனிக்க வேண்டும். கலவையை மாற்றியதால் கிடைத்த லாபம் மூன்றில் ஒரு பங்கு. ஆயுளை மும்மடங்காக்கியதால் கிடைத்தது மூன்றில் இரண்டு பங்கு. பசுமைக் கட்டடம் என்று சான்று வாங்குபவர்கள் முதல் லாபத்தைப் பேசும் அளவுக்கு இரண்டாவதைப் பேசுவதில்லை. 25 ஆண்டில் இடிக்கப்போகும் கட்டடத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும் அது பசுமை ஆகாது.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டு குடியிருந்தோர் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் பிழைத்தன. அது 1990களில் எழுந்த கட்டடம். முப்பது ஆண்டுகூட முழுதாக நிற்கவில்லை. நூறாண்டு நின்ற பாலத்தை வியக்கும் அதே மாநிலத்தில், ஏழை மக்களின் வீடு ஒரு தலைமுறைக்குள் விழுகிறது. இடிந்ததையும் இடிக்க வேண்டியதையும் மீண்டும் கட்டும்போது அதே சுண்ணாம்புக்கல், அதே சூளை, அதே மணல் இரண்டாம் முறை செலவாகிறது. ஆயுள் குறைந்த கட்டுமானம் முதலில் மக்களுக்கும், அடுத்து சூழலுக்கும் இழைக்கும் அநீதி.

மணலின் கதை தனி. உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் எடுக்கிறது என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீடு. திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928இல் கட்டிய இரும்புப் பாலம், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து விழுந்தது. பாலத்து இரும்பு கெட்டு விழவில்லை. காலுக்கடியில் ஆற்றுப்படுகை போயிருந்தது. ஆண்டுக்கணக்கில் நடந்த மணல் கொள்ளையே காரணம் என்று ஊர்மக்களும் விவசாயச் சங்கங்களும் குற்றஞ்சாட்டினர். புதுக் கட்டடங்களுக்கு அள்ளிய மணல் பழைய கட்டுமானங்களின் ஆயுளைத் தின்கிறது என்றால், பொருளின் நீடித்த உழைப்பை அதன் உடலுக்குள் மட்டும் தேடக் கூடாது.

இத்தனை ஆராய்ச்சியும் கடைசியில் வந்து நிற்கும் இடம் கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவிலுள்ள இரண்டு விரல் கான்கிரீட். கட்டடத் தொழிலில் அதற்குக் கவர் என்று பெயர். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, சாதுவான சூழலுக்கு 20 மி.மீ., கடலோரச் சூழலுக்கு 45 மி.மீ., கடல்நீர் தெறிக்கும் இடத்துக்கு 50 மி.மீ., அலை ஏறி இறங்கும் பகுதிக்கு 75 மி.மீ. என்று கவர் கேட்கிறது. உப்பும் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதாவது கவரை இரண்டு மடங்காக்கினால் கம்பியைத் தொட அவற்றுக்கு நான்கு மடங்கு காலம் ஆகும். இதையே திருப்பிப் பார்த்தால், 40 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 20 மி.மீ. ஆனால் ஆயுளின் முதல் கட்டம் கால்வாசியாகச் சுருங்கும். சிமென்ட் கம்பெனியும் கம்பி கம்பெனியும் எவ்வளவு நல்ல சரக்கு அனுப்பினாலும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

தளம் போடும் நாளில் நடப்பதைப் பார்க்க வேண்டும். சென்ட்ரிங் பலகையின் மேல் கம்பி விரித்திருக்கும். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் தீர்ந்துபோன இடத்தில் ஜல்லித் துண்டைச் செருகுவார்கள். அதுவும் ஆட்கள் சட்டி தூக்கி நடக்கும்போது நழுவும். கம்பி பலகையில் படியும். வைப்ரேட்டர் ஓடும் அவசரத்தில் அதை யாரும் தூக்கிவிட மாட்டார்கள். பலகையைப் பிரித்ததும் அடிப்பக்கத்தில் கம்பியின் வரி தெரியும். பூச்சு பூசி மறைத்துவிடுவார்கள். சில இடங்களில் கவர் பிளாக்கையே மீந்த சாந்தில் வார்த்துவைப்பார்கள். கான்கிரீட்டைவிட மட்டமான அந்தக் கட்டை, உப்பு நேராகக் கம்பிக்குப் போக வழியாகிவிடும்.

அடுத்தது தண்ணீர் விடுவது. சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் என்பது தரவிதி. சாம்பலும் சுட்ட களிமண்ணும் மெதுவாக வினைபுரிபவை; ஈரம் இருந்தால்தான் துளைகளை அடைக்கும். இன்று கடையில் கிடைக்கும் சிமென்டில் பெரும்பகுதி கலப்புச் சிமென்ட் என்பதால், முன்னைவிடக் கூடுதல் நாள் தண்ணீர் விட வேண்டும். தளத்தில் பாத்தி கட்டித் தேக்குவது ஓரளவு நடக்கிறது. பில்லருக்குச் சாக்கு சுற்றிக் காலை, மதியம், மாலை நனைப்பது மூன்றாம் நாளோடு நின்றுவிடுகிறது. மேல்பக்கத்து 40 மி.மீ. தான் முதலில் காய்கிறது. கவர் என்பதும் அந்த 40 மி.மீ. தான்.

இத்தனைக்கும் நம் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை கேட்கும் தேர்வு ஒன்றே: 150 மி.மீ. கனசதுரங்களை வார்த்து, 28 நாள் தொட்டித் தண்ணீரில் போட்டு, நசுக்கிப் பார்ப்பது. கனசதுரத்துக்கு 28 நாள் தண்ணீர் கிடைக்கிறது, கட்டடத்துக்கு மூன்று நாள். அந்த எண் கலவையின் வலிமையைச் சொல்லும். சுவரின் ஆயுளைச் சொல்லாது. மெட்ரோ ரயில் போன்ற பெரிய திட்டங்களில் குளோரைடு ஊடுருவல் சோதனையும் கேட்கப்படுகிறது. ஏழைகளுக்கான குடியிருப்பும் அரசுப் பள்ளியும் கடலோர ஆரம்ப சுகாதார நிலையமும் அதே சோதனைக்கு உரியவை அல்லவா? கட்டி முடித்த பின் கவர் எவ்வளவு இருக்கிறது என்று உடைக்காமலே அளக்கக் கைக்கருவி உண்டு. சிறு துளையிட்டுப் பினாப்தலீன் தெளித்தால், காரம் இருக்கும் பகுதி அடர் இளஞ்சிவப்பாகும், இழந்த பகுதி நிறம் மாறாமல் நிற்கும். கம்பியின் மின்னழுத்தத்தைத் தாமிர சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு, அது −350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் உள்ளே அரிப்பு ஓடுவதாக 90 விழுக்காடு உறுதியாகச் சொல்லலாம். எதுவும் ராக்கெட் நுட்பம் இல்லை. பாலிடெக்னிக் மாணவர்களால் செய்யக்கூடியவை.

தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அங்கே பொதுப்பணத்தில் எழும் ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் கவர் அளவையும் குளோரைடு ஊடுருவலையும் சோதித்து முடிவுகளை வெளியிட்ட பிறகே இறுதித் தவணை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க அரசு முன்வர வேண்டும். சொந்த வீடு கட்டுபவர்களும் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கான்கிரீட் போடுவதற்கு முந்தைய மாலை ஒரு அளவுகோலோடு போய், கம்பிக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளியை நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். கவர் பிளாக் போதவில்லை என்றால் மறுநாள் வேலையைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். பில்லருக்கும் சேர்த்துப் பத்து நாள் தண்ணீர் விட வேண்டும் என்று மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசி, அதற்குரிய கூலியையும் ஒதுக்கிவையுங்கள்.